நீராவி கொண்டு எடுக்கும் எண்ணெயும் புத்தளம் கரை கேட்க வேண்டிய கணக்கும்

மன்னார் கடலுக்கடியில் எண்ணெய் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் நாட்டின் கடனெல்லாம் தீர்ந்துவிடும் என்ற பேச்சு எமது கரையோரத்தில் அடிக்கடி எழுந்து அடங்குகிறது. 2021ஆம் ஆண்டில் அந்த வளத்தின் பெறுமதி 267 பில்லியன் டொலர் என்ற கணக்கு அரச தரப்பிலிருந்தே வெளிவந்தது. மறு ஆண்டு நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாள்கணக்கில் வரிசை. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் சிறு படகுகளை நம்பி வாழும் குடும்பங்கள் அந்த அடியை நேராக வாங்கின. கடலுக்கடியில் கோடிக்கணக்கான டொலர் கிடப்பதாகச் சொல்லப்பட்ட அதே நாட்டில், கச்சா எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் மீண்டும் மீண்டும் மூடப்பட்டது.

பூமிக்கடியில் எவ்வளவு இருக்கிறது என்பது பாதிக் கணக்குத்தான் என்பதே எனது கருத்து. அதை வெளியே எடுக்க எவ்வளவு நெருப்பு வேண்டும், எவ்வளவு நீர் வேண்டும், எவ்வளவு பணம் வேண்டும், அந்தச் செலவை யார் தலையில் கட்டுவார்கள் என்பது மறு பாதி. இந்த மறு பாதியை மிகத் தெளிவாகக் காட்டும் தொழில் ஒன்று உலகில் உண்டு. தார் மணலுக்குள் நீராவியைச் செலுத்தி கனமான எண்ணெயை எடுக்கும் தொழில் அது. எமது மாவட்டத்தில் தார் மணல் கண்டறியப்படவில்லை. ஆனாலும் அந்தத் தொழிலின் கணக்கைப் புரிந்துகொண்டால், மன்னார் கடலைப் பற்றி நாம் என்ன கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

கீலைப் போன்ற எண்ணெய்

எண்ணெய்க் கிணறு என்றதும் குழாயைத் திறந்தால் பீறிட்டு வரும் கறுப்புத் திரவம்தான் மனதில் தோன்றும். எல்லா எண்ணெயும் அப்படி வருவதில்லை. மரத்தோணிகளுக்குக் கீல் பூசியதை மூத்த மீனவர்கள் அறிவார்கள். ஆறியிருக்கும்போது கீல் இறுகிக் கிடக்கும். அடுப்பில் வைத்துக் காய்ச்சினால்தான் இளகி ஓடும். தார் மணலில் இருப்பதும் ஏறக்குறைய அந்தக் கீல்தான். மணல் துணிக்கைகளின் மேல் ஒட்டிப் பிடித்துக்கொண்டு பூமிக்குள் கிடக்கிறது. கிணறு தோண்டினாலும் அது தானாக ஓடி வராது.

உலகின் மிகப் பெரிய தார் மணல் பரப்பு கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் இருக்கிறது. அதன் விஸ்தீரணம் சுமார் 142,000 சதுர கிலோமீற்றர், அதாவது இலங்கையின் இரு மடங்குக்கும் அதிகம். மேலாகக் கிடக்கும் பகுதியை மண்ணோடு வெட்டி எடுத்துக் கழுவுகிறார்கள். ஆனால் அந்த வளத்தில் ஏறக்குறைய 80 வீதம் வெட்டி எடுக்க முடியாத ஆழத்தில் இருக்கிறது. அதை எடுக்கத்தான் நீராவி.

இந்த வழி தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 1959இல் வெனிசுவேலாவின் மேனே கிராண்டே என்ற இடத்தில் ஷெல் நிறுவனம் பூமிக்குள் நீராவியைச் செலுத்திப் பரிசோதித்துக்கொண்டிருந்தது. அழுத்தம் கூடி நிலத்தைப் பிளந்துகொண்டு நீராவி வெளியேறத் தொடங்கியது. அழுத்தத்தைக் குறைப்பதற்காக நீராவி செலுத்திய கிணறுகளைத் திறந்துவிட்டபோது அவற்றின் வழியே எண்ணெய் வந்தது. அன்று முதல் ஒரே கிணற்றில் சில வாரங்கள் நீராவி செலுத்தி, ஊறவிட்டு, பின் எண்ணெயை இறைக்கும் முறை பரவியது.

அதற்கடுத்த பெரிய மாற்றத்தைக் கொண்டு வந்தவர் இம்பீரியல் ஒயில் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியியலாளர் ரொஜர் பட்லர். ஒன்றன் கீழ் ஒன்றாக, சுமார் ஐந்து மீற்றர் இடைவெளியில், பூமிக்குள் கிடையாக இரண்டு கிணறுகளைத் துளைக்க வேண்டும். மேல் கிணற்றில் 200 பாகை செல்சியஸுக்கும் அதிக வெப்பமான நீராவியைச் செலுத்த வேண்டும். சுற்றியுள்ள மணல் மாதக்கணக்கில் சூடேறி, கீல் இளகி, தன் பாரத்தினாலேயே கீழ்க் கிணற்றுக்குள் வடியும். அங்கிருந்து அதை மேலே இறைப்பார்கள். 1980களின் பிற்பகுதியில் அல்பேர்ட்டாவில் பரிசோதிக்கப்பட்ட இந்த முறையே இன்று அங்கு ஆழமான தார் மணலை எடுக்கும் பிரதான வழி.

ஒரு பீப்பாய்க்கு என்ன செலவு?

புத்தளம் உப்பளங்களில் வேலை செய்தவர்களுக்கு நீரை ஆவியாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பாத்தியில் விட்ட கடல் நீர் வற்றி உப்பாக வேண்டுமானால் நாள்கணக்கில் வெயில் காய வேண்டும். இடையில் மழை பெய்தால் உழைப்பு வீண். அந்த வேலையை எமக்குச் சூரியன் இலவசமாகச் செய்து தருகிறது. அல்பேர்ட்டாவில் அதே வேலைக்கு இயற்கை வாயுவை எரிக்கிறார்கள்.

ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு பொதுவாக இரண்டு முதல் நான்கு பீப்பாய் நீரை நீராவியாக்கிச் செலுத்த வேண்டியிருக்கிறது. ஒரு பீப்பாய் 159 லீற்றர். மூன்று பீப்பாய் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 480 லீற்றர் நீர். இதில் பெரும்பகுதியை மீட்டுச் சுத்திகரித்துத் திரும்பவும் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எரித்த வாயுவை மீட்க முடியாது. ஒரு பீப்பாய்க்கு ஏறக்குறைய 1,000 கன அடி வாயு எரிகிறது. எமது வீடுகளில் பாவிக்கும் 12.5 கிலோ சிலிண்டர் கணக்கில் பார்த்தால் அது ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட சிலிண்டர்களின் வெப்பம். வெளியே வரும் எண்ணெயில் உள்ள சக்தியில் சுமார் ஆறில் ஒரு பங்கு அதை எடுப்பதற்கே போய்விடுகிறது. எடுத்த பிறகும் அது குழாயில் ஓட வேண்டுமானால் இலேசான எண்ணெயைக் கலக்க வேண்டும். சாதாரண சுத்திகரிப்பு நிலையங்களால் அதை அப்படியே கையாளவும் முடியாது. ஈரானின் இலேசான எண்ணெயை மனதில் வைத்து 1969இல் அமைக்கப்பட்ட எமது சபுகஸ்கந்தவும் அத்தகையதே.

பணமாகக் கணக்கிட முடியாத செலவுகளும் உண்டு. 2006 மே மாதத்தில் அல்பேர்ட்டாவின் ஜொஸ்லின் கிரீக் என்ற இடத்தில் நீராவியின் அழுத்தம் தாங்காமல் மேற்பாறை உடைந்து நிலம் வெடித்தது. காட்டின் நடுவே நூறு மீற்றருக்கும் நீளமான பள்ளம் உண்டானது. 2013இல் அதே மாகாணத்தின் கோல்ட் லேக் பகுதியில், நீராவி செலுத்திய இடத்தைச் சுற்றி நான்கு இடங்களில் கீல் தானாகவே நிலத்துக்கு மேல் ஊறி வந்தது. அவற்றில் ஒன்று ஒரு நீர்நிலையின் அடியில். அதைச் சுத்தம் செய்வதற்காக அந்த நீர்நிலையின் பெரும்பகுதி நீரை இறைத்து வெளியேற்றும்படி மாகாண அரசு உத்தரவிட வேண்டி வந்தது. இவை பலமான சட்டமும் பலமான கண்காணிப்பும் உள்ள நாட்டில் நடந்தவை.

வளைகுடாவும் நீராவிக்கு வந்துவிட்டது

தார் மணல் தூரத்துக் கனடாவின் கதை, எமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். எமது மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு எரிவது குவைத்திலும் ஓமானிலும் சவூதியிலும் உழைப்பவர்களின் பணத்தில்தான். அந்த நாடுகளிலும் இலகுவாக ஊறி வரும் எண்ணெயோடு சேர்த்து, நீராவி கேட்கும் கனமான எண்ணெயையும் தேடி எடுக்கும் காலம் வந்துவிட்டது. குவைத்தின் வடக்கே ரத்கா வயலில் நாளொன்றுக்கு 60,000 பீப்பாய் என்ற இலக்குடன் கனமான எண்ணெய்த் திட்டம் அமைக்கப்பட்டது. ஓமானின் முகைஸ்னாவில் 2005 முதல் ஒக்சிடென்டல் நிறுவனம் பெருமளவில் நீராவி செலுத்தி எண்ணெய் எடுத்து வந்திருக்கிறது.

ஓமானின் அனுபவம் கவனிக்கத் தக்கது. எண்ணெய் எடுக்க வாயுவை எரிக்கிறது. அதே நேரம் 2008 முதல் கட்டாரிலிருந்து குழாய் வழியே வாயுவை இறக்குமதியும் செய்து வந்திருக்கிறது. மின்சாரத்துக்கும் தொழிற்சாலைக்கும் போக வேண்டிய வாயு நீராவியாகி மண்ணுக்குள் போவதை அந்த நாடே ஒரு சுமையாக உணர்ந்தது. அதனால் அமல் எண்ணெய் வயலில் மிராஹ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கண்ணாடிக் கூடங்களுக்குள் வளைந்த ஆடிகளை நிறுத்தி, சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கி, அதை எண்ணெய்க் கிணற்றுக்குள் செலுத்துவதே அத்திட்டம். நாளொன்றுக்கு 6,000 தொன் நீராவி என்பது அதன் இலக்கு. முதற் பகுதிகள் இயங்கின. ஆனால் முழுத் திட்டமும் நிறைவேறும் முன்னரே, அதை அமைத்த நிறுவனம் 2020இல் எண்ணெய் விலை சரிந்தபோது கலைக்கப்படும் நிலைக்குச் சென்றது.

அண்டை நாடான இந்தியாவில், ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்தில் உள்ள பாகேவாலா வயலில் கனமான எண்ணெய் இருப்பது 1991இலேயே தெரிந்தது. ஒயில் இந்தியா நிறுவனம் அங்கு நீராவி முறையைக் கொண்டு வர ஏறக்குறைய கால் நூற்றாண்டு சென்றது. எண்ணெய் இருப்பது வேறு, அது கைக்கு வருவது வேறு.

மன்னார் கடலில் உண்மையில் கிடைத்தது என்ன?

இந்தக் கணக்கோடு எமது கடலுக்கு வருவோம். மன்னார் தீவின் பேசாலையில் சோவியத் உதவியுடன் கிணறு தோண்டியது 1970களில். வணிக ரீதியாக ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு 2008இல் கெயர்ன் நிறுவனத்துடன் அரசாங்கம் ஒப்பந்தம் செய்தது. 2011 ஒக்டோபரில் டொராடோ என்ற கிணற்றிலும் நவம்பரில் பரகூடா என்ற கிணற்றிலும் இயற்கை வாயு கண்டறியப்பட்டது. டொராடோவில் கடலின் ஆழம் 1,300 மீற்றருக்கும் அதிகம். பரகூடாவில் ஏறக்குறைய 1,500 மீற்றர். பின்னர் தோண்டிய கிணறுகள் கைகொடுக்கவில்லை. உலகச் சந்தையில் எண்ணெய் விலை வீழ்ந்த நிலையில் 2015இல் கெயர்ன் வெளியேறியது.

ஆக, எமது மேற்குக் கடலில் துளையிட்டுக் கண்டது பெரும்பாலும் வாயு. வாயுவை எடுக்க நீராவி தேவையில்லை. அது தன் அழுத்தத்தாலேயே மேலே வரும். அந்த வகையில் தார் மணலை விட இது எவ்வளவோ மேல். ஆனால் ஆயிரம் மீற்றருக்கும் ஆழமான கடலில் கிணறு அமைத்துக் கரைக்குக் குழாய் கொண்டு வருவது இலேசான செலவல்ல. கனடாவில் நீராவி செய்யும் வேலையை இங்கே ஆழம் செய்கிறது: கிடைக்கும் வருமானத்தில் பெரும்பங்கை எடுக்கும் செலவே தின்றுவிடும். விலை உயர்ந்திருக்கும்போது நிறுவனங்கள் வரும், விழுந்தால் போய்விடும். 267 பில்லியன் டொலர் என்று பேசும்போது இந்தச் செலவைக் கழிப்பதில்லை. முதலிட்ட நிறுவனத்தின் பங்கையும் கழிப்பதில்லை. நிரூபிக்கப்பட்ட இருப்பையும் மதிப்பீட்டையும் பிரித்துக் காட்டுவதுமில்லை.

இதைச் சொல்வதால் நான் அந்த வாயுவை எடுக்கவே கூடாது என்று வாதிடவில்லை. வாயு கரைக்கு வந்தால் நன்மைகள் உண்டு. கெரவலப்பிட்டியில் இயற்கை வாயுவையும் எரிக்கக்கூடியதாக 2010இல் அமைத்து முடித்த மின் நிலையம், வாயு வராததால் கனமான உலை எண்ணெயிலேயே ஓடி வந்தது. நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியின் ஒரு பகுதியையாவது வாயு குறைக்குமானால் அதை வரவேற்கும் முதல் ஆட்கள் நாமாகத்தான் இருப்போம்.

ஏற்கனவே செலுத்திய விலை

ஏனெனில் நீராவித் தொழிலின் விலை என்னவென்று புத்தளத்துக்குத் தெரியும். நுரைச்சோலை லக்விஜய நிலையத்தில் நடப்பதும் அதுதான். நிலக்கரியை எரித்து, நீரை நீராவியாக்கி, டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். 2011இல் முதல் அலகும் 2014இல் மற்ற இரண்டும் இயங்கத் தொடங்கின. மொத்தம் 900 மெகாவொட். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கை அது தருகிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் கொழும்பில் விளக்கு எரியும்போது, காற்றோடு பறக்கும் சாம்பலும் கரித்தூளும் விழுவது அயல் கிராமங்களின் வெங்காயப் பாத்தியிலும் வீட்டு முற்றத்திலும்தான். நிலையத்தைச் சுற்றிய கடற்பரப்பில் கட்டுப்பாடுகளைச் சந்திப்பது எமது கடற்றொழிலாளர்கள்தான்.

சீமெந்துக்குச் சுண்ணாம்புக் கல் வெட்டியது எமது மாவட்டத்தில். மீதொட்டமுல்ல குப்பை மேடு 2017இல் சரிந்த பின் கொழும்பின் குப்பைக்கு இடம் தேடி வந்ததும் எமது அறுவக்காட்டுக்கு. அதற்கெதிராகப் புத்தளத்து மக்கள் இன மத பேதமின்றித் தெருவில் இறங்கியதை மறக்க முடியாது. ஆனால் திட்டம் முடிவாகி, காசோலைகள் கைமாறி, இயந்திரங்கள் வந்திறங்கிய பிறகுதான் எமது குரல் எழுகிறது. தீர்மானம் எடுக்கும் மேசையில் நாம் இருந்ததில்லை.

கற்பிட்டிக் குடாநாட்டின் நிலத்தடி நீர் மணலுக்குள் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம். அதன் கீழே உப்பு நீர். வெங்காயமும் மிளகாயும் விளைவது அந்தப் படலத்தை நம்பி. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த எமது சகோதரர்களின் குடியிருப்புகளும் அதே கிணற்று நீரைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. கடலில் 1992 முதல் சரணாலயமாக உள்ள பார் ரீப் முருகைக்கல் பாறைத்தொடர் மீன்கள் பெருகும் இடம். நாளை ஒரு வாயுக் குழாயோ கரையில் ஒரு பதப்படுத்தும் நிலையமோ வருமானால் இவற்றையெல்லாம் கடந்துதான் வர வேண்டியிருக்கும்.

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தது. எரிசக்தித் திட்டங்களில் நீரும் நெருப்பும் ஒன்றாகச் சம்பந்தப்படுகின்றன. அவற்றின் பலனில் பங்கு ஒரு தரப்புக்கும் பாதிப்பில் பங்கு இன்னொரு தரப்புக்கும் என்று பிரிப்பது இந்தப் போதனைக்கு ஒத்து வராது.

என்ன கேட்க வேண்டும்?

கடல் வளத்துக்கென 2021ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பெற்றோலிய அபிவிருத்தி அதிகார சபை அமைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த அனுமதிப்பத்திரம் எப்போது வழங்கப்பட்டாலும், அதற்கு முன்னர் நான்கு கேள்விகளுக்குப் பதில் பெற வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, எடுக்கும் செலவையும் நிறுவனத்தின் பங்கையும் கழித்த பின் நாட்டுக்கு மிஞ்சுவது எவ்வளவு? எண்ணெய் விலை பாதியாக விழுந்தால் அந்தத் தொகை என்னவாகும்?

இரண்டாவது, கரையில் எந்த இடத்தில் என்ன அமையும், அதற்கு நன்னீர் எங்கிருந்து எடுக்கப்படும்?

மூன்றாவது, விபத்து நேர்ந்தால் மீனவருக்கு நட்டஈடு எந்த நிதியிலிருந்து, எத்தனை நாளில் வரும்? 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தது. உயர் நீதிமன்றம் நட்டஈட்டுக்கு உத்தரவிட்டது 2025இல்தான். அத்தனை ஆண்டுகள் காத்திருக்க எந்தக் கடற்றொழில் குடும்பத்தாலும் முடியாது. நட்டஈட்டுக்கான பணம் முன்கூட்டியே வைப்பிலிடப்பட வேண்டும்.

நான்காவது, வருமானத்தில் ஒரு பங்கு புத்தளம், மன்னார் மாவட்டங்களின் குடிநீருக்கும் ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் வருமென்று ஒப்பந்தத்திலேயே எழுதப்படுமா?

இவற்றைக் கேட்க எமக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. சுற்றாடல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை தயாரானால் பொதுமக்களின் கருத்துக்காக 30 வேலைநாட்கள் திறந்து வைக்கப்பட வேண்டும். அதன் தமிழ்ப் பிரதி பிரதேச செயலகத்தில் இருக்கிறதா என்று முதல் நாளே போய்ப் பார்க்க ஆள் வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒப்பந்த விபரங்களைக் கேட்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் கடற்றொழிலாளர் சங்கங்களும் கத்தோலிக்கத் திருச்சபையும் விவசாய அமைப்புகளும் சேர்ந்து ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவை இப்போதே அமைத்தாலும் போதும். அதில் ஒரு சட்டத்தரணியும் ஒரு பொறியியலாளரும் இருக்க வேண்டும். எமது ஊரில் அவர்களுக்குப் பஞ்சமில்லை.

அதுவரை, கையில் இருப்பதைக் கவனிப்போம். கற்பிட்டி, முந்தல் பகுதிகளில் 2010 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. எமது வெயில் உப்பு விளைவிக்கிறது. கூரைகளில் மின்சாரத்தையும் விளைவிக்கும். இந்தக் காற்றுக்கும் வெயிலுக்கும் நீராவியோ வாயுவோ டொலரோ தேவையில்லை. காற்றாலை வந்தாலும் கேள்வி கேட்கத்தான் வேண்டும் என்பதை 2025இல் மன்னார் மக்களின் போராட்டம் காட்டியது. எந்தச் சக்தியாக இருந்தாலும் எமது மண்ணில் அமைவதற்கு முன்னரே எமது கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வர வேண்டும். அந்தக் கேள்விகளை எழுதும் வேலையை இந்த மாதமே தொடங்கலாம்.